மார்பகச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின்

1962 ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரில், ஜெபர்சன் டேவிஸ் வைத்தியசாலைக்கு ஒரு பெண் வந்தாள். ஆறு பிள்ளைகளின் தாயாகிய அவள் பெயர் திம்மி ஜீன் லிண்ட்சி. மார்பிலே குத்தியிருந்த பச்சையை அகற்றிக்கொள்வதே அவள் வந்த நோக்கம். தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்னும் இரு சத்திரசிகிச்சை வைத்தியர்கள் அக்காலத்தில் சிலிக்கோன் என்னும் பொருளாலான பையை மார்பகத்தினுள் வைத்து அதன் பருமனைக் கூட்டும் முறையொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தனர். குருதி நிரம்பிய பிளாஸ்டிக் பையொன்றைக் கையிலெடுத்து அமுக்கிப் பார்த்தபோதே ஜெரோவுக்கு இவ்வெண்ணம் உதித்தது என்பர். அம்முறைக்கு முதற் பெண்ணாக அவள் இசைவாளா என்று அவர்கள் வினவினர். அவளோ தன் மார்பைப் பற்றிக் கவலைப்பட்டவள் அல்லள். புறந்தள்ளி நின்ற தன் காதுகளைத் திருத்திக்கொள்ளவே விரும்பினாள். காதையும் சேர்த்துத் திருத்தித் தருவதாக வைத்தியர்கள் கூற, அவள் இணங்கினாள்.

அன்று ஒருத்திக்குச் செய்யப்பட்ட அச்சிகிச்சை இன்று உலகெங்கும் எண்ணற்ற பெண்களுக்குச் செய்யப்படுகின்றது. மார்பைப் பெருப்பிப்போர் ஒருபுறமிருக்க, கழுத்தையும் தோளையும் வருத்தும் பாரத்தைக் குறைத்துக்கொள்வோரும், பிள்ளைப் பேற்றின்பின் தளர்ந்ததை உயர்த்திக்கொள்வோரும் உளர். இவற்றைச் செய்துகொள்ளலாமா, ஆகாதா என்னும் வழக்கை நாம் இவ்விடத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. அது அப்பெண்ணும் அவள் வைத்தியரும் ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டியது. பை வைக்கும் வேலை பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. அந்த ஓரிரு மணி நேரத்தைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. அதன் பின்னர் வீட்டிலே கழியும் ஐந்தாறு வாரங்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. நாம் சொல்லப்போவது அதனையே.

மயக்க மருந்தின் மந்தம் முற்றாக நீங்க ஒரு நாள் செல்லும். குமட்டல் எடுக்கலாம், மூச்சுக்குழலுள் குழாய் வைத்திருந்தமையால் தொண்டை கரகரக்கலாம். ஆதலின் முதல் 24 மணி நேரம் வயதுவந்த ஒருவர் உடனிருத்தல் கட்டாயம். படுக்கும்போது மல்லாந்தே படுக்க வேண்டும். அதுவும் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கி, உடலின் மேற்பகுதி உயர்ந்திருக்கும்படி சாய்ந்து படுக்க வேண்டும். வீட்டிலே தாத்தா விட்டுச்சென்ற சாய்மனைக் கதிரை ஒன்று இருந்தால், அது இப்பொழுது மெத்தையைக் காட்டிலும் உதவும். எழும்பும்போது கைகளை ஊன்றி உந்துதல் ஆகாது. பின்னாலிருந்து ஒருவர் முதுகைத் தாங்க, கால்களின் பலத்தாலே எழுதல் வேண்டும். தலைவழியாக மாட்டும் உடைகளை ஒதுக்கிவிட்டு, முன்புறம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டைகள் நாலைந்தை முன்கூட்டியே தைத்து வைத்தல் நன்று. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இதனை நினைப்பவர் மிகச் சிலரே.

பையை மார்புத் தசையின் கீழே வைத்திருந்தால் அத்தசை இழுபட்டு நிற்கும். நெஞ்சின்மேல் ஏதோ பாரத்தை ஏற்றிவைத்தாற்போன்ற இறுக்கம் தோன்றுவது அதனாலேதான். முதல் இரண்டு மூன்று நாட்களில் வலி மிகுந்து பின்னர் படிப்படியாகத் தணியும். நம் பெண்கள் வலியைப் பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக எண்ணுபவர்கள். இவ்விடத்தில் அப்பெருமை உதவாது. வலி தாங்காது ஆழ மூச்செடுக்க அஞ்சிக் கிடப்பவளுக்குச் சுவாசப்பையில் சளி தங்கும். வைத்தியர் கொடுத்த குளிசையை உரிய நேரத்தில் எடுத்தலே முறை. ஆனால் வீட்டு அலுமாரியிற் கிடக்கும் அஸ்பிரினை வைத்தியரைக் கேளாது விழுங்குதல் கூடாது. அது குருதி உறைவதைத் தடுக்கும். வலுவான வலிநிவாரணிகள் மலச்சிக்கலையும் உண்டாக்கும். தண்ணீரும் பழமும் கீரையும் அதற்கு வேண்டும்.

உணவைப் பற்றி மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே ஒரு சிறு வழக்கு எழக்கூடும். பத்தியம் என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்திவிடுவது நம் வீடுகளில் வழக்கம். புண் ஆறுவதற்குப் புரதமே செங்கல்லும் சாந்தும் என்பதை அம்மாமியாருக்குப் பணிவோடு எடுத்துச் சொல்ல வேண்டும். மஞ்சளும் எண்ணெயும் குழைத்துக் காயத்தில் அப்புவதையும் அவ்வாறே அன்போடு மறுத்துவிட வேண்டும். ஒத்தடம் கொடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். சத்திரசிகிச்சையின்பின் மார்பின் தோல் பல வாரங்கள் மரத்திருக்கும். மரத்த தோலுக்குச் சூடும் குளிரும் தெரியாது. வெந்நீர்ப் போத்தலும் பனிக்கட்டியும் அதனைப் பொசுக்கிய பின்னரே நமக்குத் தெரியவரும்.

வீட்டில் எவரும் புகைத்தல் கூடாது. புகையிலையின் நஞ்சு நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்கிவிடும். குருதி எட்டாத தோல் கறுத்து அழியும். முலைக்காம்பையே இழந்தவர்களும் உண்டு. கணவன் தன் சுருட்டைச் சில வாரங்களுக்குத் துறப்பது அவன் செய்யக்கூடிய பணிவிடைகளுள் தலையாயது என்பது எமது கருத்து.

தேங்காய் துருவுதல், அம்மியில் அரைத்தல், கிணற்றில் நீர் இறைத்தல், ஈரத் துணியைக் கொடியில் எறிந்து காயவிடுதல் ஆகிய இவை யாவும் மார்புத் தசையின் வேலைகள் என்பதை நாம் சாதாரண நாட்களில் உணர்வதில்லை. வைத்தியர் சொல்லும்வரை, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள், இவற்றை வேறொருவர் செய்தல் வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது குழந்தையைத் தூக்காதிருத்தலே. இரண்டு வயதுப் பிள்ளை கைநீட்டி அழும்போது எந்தத் தாய் வாளாவிருப்பாள்? தாய் முதலில் இருந்துகொண்டு, பிள்ளையை மற்றொருவர் அவள் அருகே இருத்திவிடுவதே வழி. ஆயினும் வேலை செய்யாதிருத்தல் என்றால் அசையாது கிடத்தல் அன்று. முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் மெல்ல நடத்தல் வேண்டும். நடவாத கால்களிலே குருதி உறைந்து கட்டியாகலாம்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல விழைந்த விடயத்துக்கு வருவோம். வேறெந்தச் சத்திரசிகிச்சைக்கும் இல்லாத ஒரு சங்கடம் இதற்கு உண்டு. குடல்வால் அறுத்தவளைப் பார்க்கத் தெருவே திரண்டு வரும். இவளோ எவருக்கும் சொல்லாமல், “சிறு காய்ச்சல்” என்று கதவைச் சாத்திக்கொள்வாள். அயலாருக்கு மறைப்பது அவள் உரிமை. அதில் நாம் குறை காண்பதற்கில்லை. ஆனால் வீட்டிலுள்ளவருக்கும் மறைத்தால், ஆபத்து வரும்போது கைகொடுப்பார் எவரும் இரார்.

அந்த ஆபத்துகள் அரியன. எனினும் விரைந்து வருவன. முதல் ஓரிரு நாட்களில் ஒருபக்க மார்பு மாத்திரம் திடீரென வீங்கி, கல்லைப்போல் இறுகி, வலி மிகுமாயின், உள்ளே குருதி கசிந்து தேங்குகின்றது என்று கொள்ளலாம். விடியட்டும் என்று காத்திராது, நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். சில நாட்கள் கழித்துத் தோல் சிவந்து சூடேறுதல், காயத்திலிருந்து சீழ் வடிதல், 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், குளிர் நடுக்கம் ஆகியன கிருமி தொற்றியதற்கு அறிகுறி. ஒரு கெண்டைக்கால் மாத்திரம் வீங்கி நோதல், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு குத்துதல் என்பன உறைந்த குருதிக்கட்டி காலில் தங்கியதையோ நெஞ்சுக்குச் சென்றதையோ காட்டலாம். இவற்றுள் எதற்கும் வைத்தியரிடம் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். “மார்பில் என்ன செய்தாய்?” என்று இளம் வைத்தியர் ஒருவர் கேட்கும்போது வெட்கி மழுப்பியதால் இழக்கும் ஒரு மணி நேரம் பின்னர் திரும்பி வராது. உடன் செல்பவருக்கும் இது தெரிந்திருத்தல் வேண்டும். நோயாளி பேசமுடியாத நிலையில் இருத்தலும் கூடுமன்றோ.

உடலின் வலி குறையத் தொடங்கும் நாட்களில் உள்ளத்தின் வலி தொடங்குவதும் உண்டு. முதல் வாரத்தின் நடுவே கட்டை நீக்கிக் கண்ணாடி முன் நிற்பவள், தான் கனவுகண்ட உருவத்தைக் காண்பதில்லை. நீலம்பாரித்த தோலையும், கழுத்தை நோக்கி உயர்ந்து நிற்கும் இறுகிய வீக்கத்தையும், ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு பக்கங்களையும் காண்கிறாள். “ஏன் இதைச் செய்தேன்?” என்று அழுகிறாள். அவ்வேளை, “நாங்கள் அப்போதே சொன்னோமே” என்று வீட்டார் சொல்லாதிருப்பார்களாக. தசை தளர்ந்து, பைகள் மெல்லக் கீழிறங்கித் தம் இடத்தில் அமர மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை செல்லலாம். தழும்பு சிவந்திருந்து பின்னர் வெளிற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வாரங்கள் பல சென்றும் துயரம் நீங்காவிட்டால் அதனையும் வைத்தியரிடம் சொல்லுதல் தகும்.

குளித்தல் எப்பொழுது என்பதை வைத்தியரே சொல்வார். கடலிலும் நீச்சற் குளத்திலும் இறங்குவது காயம் முற்றாக மூடிய பின்னரே.

இறுதியாக ஒரு சிறு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே வைத்த பையைச் செய்த நிறுவனம், அதன் வகை, இலக்கம் ஆகியவற்றைக் குறித்து வைத்தியசாலையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். கொடாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும. பிரான்ஸ் தேசத்து நிறுவனமொன்று வைத்தியத்துக்கு அனுமதிக்கப்படாத மலிவான சிலிக்கோனைப் பைகளில் அடைத்து விற்றது 2010 ஆம் ஆண்டில் வெளிப்பட்டபோது, பல தேசத்துப் பெண்களும் தம்முள்ளே இருப்பது எந்நிறுவனத்தின் பை என்றறியத் தவித்தனர். 2019 ஆம் ஆண்டில், சொரசொரப்பான மேற்பரப்புடைய ஒருவகைப் பைகள், நிணநீர்த் தொகுதியில் எழும் அரியதொரு புற்றுநோயோடு தொடர்புடையன என்று கண்டு உலகச் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டன. இப்பைகள் ஆயுள் முழுவதற்கும் உரியன அல்ல. ஆண்டுகள் பல சென்றபின் கிழியவும் கூடும், மாற்றவும் நேரும். ஆகவே பிறப்புச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும் இருக்கும் பெட்டியிலேயே அவ்வட்டையையும் வைத்து, வைத்த இடத்தை மகளுக்கோ தங்கைக்கோ சொல்லிவைக்க வேண்டும். பிற்காலத்தில் மார்பகக் கதிர்ப்படம் எடுக்கச் செல்லும்போது அதனைக் காட்டினால், பை மறைக்கும் பகுதிகளும் தெரியும்படி மேலதிகப் படங்களை எடுப்பார்கள்.