குற்றாலத்தில் கேரள அரசுக்கு எப்படி ஓர் அரண்மனை?

சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் மெயினருவி, ஐந்தருவி, அப்புறம் பார்டர் பரோட்டா என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அங்கே 50 ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகத்தில் ஓர் அரண்மனை இருப்பது பலருக்குத் தெரியாது. அதன் சொந்தக்காரர் கேரள அரசு. பராமரிப்பது அந்த மாநிலப் பொதுப்பணித் துறை.

"ஓ, 1956-ல மாநிலம் பிரிச்சப்போ இந்தப் பக்கம் மாட்டிக்கிச்சா?" என்றுதான் கேட்கத் தோன்றும். இல்லை. அப்படி எல்லை மாறி வந்தது பக்கத்தில் இருக்கும் செங்கோட்டை. குற்றாலம் அப்போதே பிரிட்டிஷாரின் திருநெல்வேலி மாவட்டம். அதாவது, திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்காக 1882-ல் கட்டிய இந்த மாளிகை, கட்டும்போதே சமஸ்தானத்துக்கு வெளியேதான் இருந்தது. மகாராஜாவுக்கு இங்கே அரசாட்சி கிடையாது, சொத்து மட்டும்தான்!

சரி, அங்கிருந்து இங்கே எதற்கு வரணும்? 'கோடை மாளிகை' என்கிறார்கள்; ஆனால் சித்திரை வெயிலில் இங்கே பாறைதான் தெரியும். ஆனி, ஆடிதான் கணக்கு. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். ஆரியங்காவு கணவாய் வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்வது குளிர்ந்த காற்றும் சாரலும். மழைக்குத் தப்பி, அதே மழையின் அருவியில் குளிக்கலாம். மலையைக் கடந்து செங்கோட்டைக்கு ரயில் வந்ததே 1904-ல்தான். அதற்கு முன்பு மலைப்பாதையில் வந்து போயிருக்கிறார்கள் என்றால், சாரல் மோகம் எவ்வளவு இருந்திருக்கும்!

சமஸ்தானச் சொத்து பிறகு திருவிதாங்கூர்-கொச்சிக்கும், 1956-ல் கேரளத்துக்கும் போனது. ஒரு மாநில அரசு வேறொரு மாநிலத்தில் சொத்து வைத்திருக்கச் சட்டத்தில் தடை இல்லை. டெல்லியில் தமிழ்நாடு இல்லம் இருக்கிறதே, அதுபோல. ஆனால் நிலம் இருப்பது தமிழ்நாட்டில், வருவாய்ப் பதிவேடும் இங்கேதான். அதனால் உரிமை பற்றிய இழுபறியும் வந்துபோனது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையும் கேரளத்தின் கையில்தான். ஆனால் அதைத் தொல்லியல் துறை நடத்துகிறது. டிக்கெட் எடுத்து யாரும் பார்க்கலாம். குற்றாலம் மாளிகைக்கு அந்த அந்தஸ்து கிடைக்கவில்லை. இங்கே கூரை ஒழுகினால் ஃபைல் திருவனந்தபுரம் வரை போகணும். தென்காசிக்காரர் தன் எம்.எல்.ஏ.விடம் முறையிட்டால், அவரால் கடிதம்தான் எழுத முடியும். கேரள வாக்காளருக்கோ இது தினமும் கண்ணில் படுகிற கட்டடம் இல்லை.