ஆபீஸ் நடுக்கடல்ல இருக்கு, பாஸ்!

உங்க வீட்ல கரன்ட் போனா முதல்ல என்ன பண்ணுவீங்க? பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பீங்க. 'அப்பாடா, அங்கேயும் இல்லை'ன்னு தெரிஞ்சா மனசுக்குள்ள ஒரு நிம்மதி! மோட்டார் ஓடலைன்னா எலெக்ட்ரீஷியன் அண்ணனுக்கு போன். குழாய் ஒழுகினா பிளம்பர். நெட் போச்சுன்னா கஸ்டமர் கேர்.

சரி, பக்கத்து வீடே இல்லைன்னா? நாலு பக்கமும் தண்ணி, பக்கத்துல இருக்கிற கரையே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளின்னா?

அப்படி ஒரு வீட்டில் வருடக்கணக்கில் குடியிருந்த ஒரு தம்பதியைத்தான் இப்போ சந்திக்கப் போறீங்க. ஜேம்ஸ் ஹாமில்டன், ஜெனிஃபர் ஹாமில்டன். வீட்டின் பெயர் 'டிரோனா'. ஓடில்லாத ஒரு கடல் நத்தை வகையின் பெயர் அது. வீடு என்று நாம் சொல்வது, நார்ட்ஹேவன் 52 என்கிற டீசல் மோட்டார் படகு. பாய்மரம் கிடையாது. காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் எல்லாமே இன்ஜின்தான்!

மெக்கானிக் டு கிளவுட்!

ஜேம்ஸ் பிறவிக் கோடீஸ்வரர் இல்லை. ஆரம்பத்தில் அவர் கார் மெக்கானிக். ஃபெராரி, லம்போர்கினி மாதிரியான இத்தாலியக் கார்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவர். பிறகு கம்ப்யூட்டர் படித்து, ஐ.பி.எம். நிறுவனத்தில் டிபி2 டேட்டாபேஸ், மைக்ரோசாஃப்டில் எஸ்.க்யூ.எல். சர்வர் என்று ஏறிக்கொண்டே போனார். அடுத்து அமேசான். நீங்க தினமும் பயன்படுத்துற பல வெப்சைட்களுக்கும் ஆப்களுக்கும் பின்னால் ஓடுகிற அமேசான் கிளவுடின் டேட்டா சென்டர்களை வடிவமைத்ததில் முக்கியமான மூளை அவருடையது.

அவ்வளவு பெரிய வேலைக்காரர், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பங்களா வாங்கி செட்டில் ஆகலை. படகுத்துறையில் கட்டிப் போட்ட படகிலேயே மனைவியோடு குடியிருந்தார். கூப்பிடு தூரத்தில் ஆபீஸ், கதவைத் திறந்தால் தண்ணீர்!

டிரோனா அவர்களின் முதல் படகு இல்லை என்பதை இங்கே கவனிக்கணும். அதற்கு முன் சுமார் 40 அடி நீளமுள்ள ஒரு பேலைனர் படகு வைத்திருந்தார்கள். அதில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரம் வளைவு வளைவாகச் சுற்றினார்கள். மற்றவர்கள் எட்டிப் பார்க்காமல் கடந்து போகும் ஒதுக்குப்புறங்களில் எங்கே நங்கூரம் போடலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புத்தகமே எழுதினார்கள். 2008-ல் வந்தது அது. கரையை ஒட்டியே பல வருஷம் பழகி, அதன் பிறகுதான் நடுக்கடல். எடுத்த எடுப்பில் 'டைட்டானிக்' போஸ் கொடுக்கலை, பாஸ்!

2012-ல் கிளம்பிய வீடு

2010-ல் டிரோனா கைக்கு வந்தது. 2012-ல் சியாட்டிலை விட்டுக் கிளம்பினார்கள். ஹவாய், தென் பசிபிக் தீவுகள், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா. 2015-ல் நம்ம இந்தியப் பெருங்கடல். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருந்து ரோட்ரிக்ஸ் தீவு வரை ஒரே மூச்சில் போனார்கள். ரூபாய் நோட்டில் தமிழையும் அச்சடிக்கும் மொரீஷியஸ் இருக்கிறதே, அந்த நாட்டுக்குச் சொந்தமான குட்டித் தீவுதான் ரோட்ரிக்ஸ். தூரம் சுமார் 3,000 கடல் மைல், அதாவது 5,500 கிலோமீட்டர். பிறகு தென்னாப்பிரிக்கா, செயின்ட் ஹெலீனா தீவு, அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து பார்படோஸ். 2017-ல் மறுபடியும் அட்லாண்டிக், இந்த முறை அயர்லாந்து.

இதில் ஹைலைட் என்ன தெரியுமா? இவ்வளவும் வேலையை விட்டுவிட்டு இல்லை! சாட்டிலைட் இணைப்பு வழியாக ஜேம்ஸ் படகிலிருந்தே வேலை பார்த்தார். 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்ற வார்த்தை 2020-ல் நம்ம வீட்டு ஹாலுக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே!

சைக்கிள் வேகம், கால் பங்கு டீசல்

மோட்டார் படகுன்னா 'விர்ர்ர்'னு பறக்கும்னு நினைக்கிறீங்களா? அதுதான் இல்லை. நடுக்கடலில் இவர்கள் வேகம் பெரும்பாலும் 6, 7 நாட்தான். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 11, 13 கிலோமீட்டர். காலேஜுக்கு லேட்டானா நீங்க சைக்கிளில் இதைவிட வேகமா மிதிப்பீங்க!

ஏன் இந்த ஆமை வேகம்? தியரி சிம்பிள். தண்ணீரைக் கிழித்துப் போகும் கனமான படகு தனக்கு முன்னால் தானே ஓர் அலையை உண்டாக்கும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால், தான் எழுப்பிய அலை மேலேயே தான் ஏற வேண்டியிருக்கும். அந்த எல்லைக்கு ஒரு ஃபார்முலா உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்க. 49 அடின்னு வெச்சுக்கிட்டா வர்க்கமூலம் 7. பெருக்கினா சுமார் 9.4 நாட். எவ்வளவு பெரிய இன்ஜினை மாட்டினாலும் அதற்கு மேல் டீசல்தான் கரையும்.

இன்னொரு கணக்கு. தேவைப்படும் சக்தி, தோராயமாக வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் சக்தி எட்டில் ஒரு பங்கு போதும். நேரம் இரண்டு மடங்கு ஆகும், சரி. ஆனால் அதே தூரத்துக்கு டீசல் கால் பங்குதான்! பெட்ரோல் பங்க் இல்லாத 5,500 கிலோமீட்டரை இந்தக் கணக்கை நம்பித்தான் கடக்கிறார்கள். அதுவும் டேங்க் மட்டும் போதாது என்று, மேல்தளத்தில் பெரிய பெரிய ரப்பர் பைகளில் டீசலை நிரப்பிக்கொண்டு போனார்கள்.

வேகம் 6 நாட் என்றால் 3,000 கடல் மைலுக்கு 500 மணி நேரம். 20 நாளுக்கும் மேல். அத்தனை நாளும் இன்ஜின் நிற்காது. அதனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கவும் முடியாது. ஆட்டோபைலட் திசையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ரேடாரில் கப்பல் வருதா, இன்ஜின் சூடு ஏறுதா என்று பார்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஒருவர் கண்ணை மூடுவது, இன்னொருவர் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான். சண்டை வந்தா கோவிச்சுக்கிட்டு டீக்கடைக்குப் போகவும் வழியில்லை. கல்யாணம் பண்ணின பல பேருக்கு இந்த ஒரு வரி போதும், கதி கலங்கிடும்!

நள்ளிரவு அலாரம்

2017 அட்லாண்டிக் பயணம். நள்ளிரவு தாண்டிய நேரம். திடீரென அலாரம் அலறுகிறது. படகின் பின்பக்கம், ஸ்டியரிங் கருவிகள் இருக்கும் அடி அறைக்குள் கடல் தண்ணீர் புகுந்திருந்தது.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. வெளியே இருட்டு, அலை. உள்ளே ஏறுகிற தண்ணீர். கூப்பிட்டால் ஓடிவர யாரும் இல்லை. நீச்சல் தெரிஞ்சாலும் எங்கே போய்ச் சேருவீங்க?

அந்த ராத்திரியில் அவர்களைக் காப்பாற்றியது என்ன? முதலில், தண்ணீர் வருகிறது என்று சொல்ல ஒரு சென்சார் இருந்தது. இறைக்கப் பம்பு இருந்தது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. தண்ணீரை வெளியேற்றி, பயணத்தைத் தொடர்ந்து, அயர்லாந்தின் கின்சேல் துறைமுகத்தைப் பத்திரமாக அடைந்தார்கள்.

'கெட்டுப்போகும்'னு நம்பு!

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. 2007-ல் மைக்ரோசாஃப்டில் இருந்தபோது, பெரிய இணையச் சேவைகளை எப்படிக் கட்டுவது என்று ஜேம்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் வலியுறுத்தியவற்றில் மூன்று: எது வேண்டுமானாலும் பழுதாகும் என்று எதிர்பார், எளிமையாக வை, முடிந்ததையெல்லாம் தானாக இயங்கும்படி செய். லட்சக்கணக்கான சர்வர்கள் இருக்கும் இடத்தில் தினமும் ஏதாவது ஒன்று சாகத்தான் செய்யும். அது செத்தாலும் சேவை நிற்கக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

படகும் அதே கதைதான். மெயின் இன்ஜின் நின்றுபோனால் கரை சேர்க்கத் தனியாக ஒரு குட்டி இன்ஜின். டீசலில் அழுக்கு அடைத்தால் மாற்ற ஃபில்டர்கள். பம்புக்கு மாற்றுப் பம்பு. அதிர்ஷ்டத்தை நம்பாமல், கெட்டுப்போகும் என்பதை நம்பியவர்கள்தான் கடலைத் தாண்டியிருக்கிறார்கள்.

'சும்மா சொல்லாதே, காசு இருக்கு, போனாங்க'ன்னு நீங்க சொல்றது கேட்குது. உண்மைதான். அந்தப் படகின் விலை நமக்கெல்லாம் பல ஜென்மத்துக் கனவு. அதை மறைச்சுட்டு 'முயன்றால் முடியும்'னு வசனம் பேசினா நீங்க பக்கத்தைத் திருப்பிடுவீங்க. ஆனா, காசு படகை வாங்கித் தரும். நள்ளிரவு 1 மணிக்கு அந்த அடி அறையில் இறங்கி எந்த வால்வைத் திருப்பணும்னு காசு சொல்லித் தராது. அதைச் சொல்லித் தந்தது கிரீஸ் படிந்த அந்தப் பழைய மெக்கானிக் கைகள்!

ஒர்க்‌ஷாப் லேபில் 'இதெல்லாம் எதுக்குடா, நாம ஐ.டி.க்குத்தானே போகப் போறோம்'னு ரெக்கார்டு நோட்டை மட்டும் காப்பியடிக்கிற கும்பலில் நானும் ஒருத்தன். போன வாரம் எங்க வீட்டுத் தண்ணி மோட்டார் நின்னுபோச்சு. வழக்கமா அப்பா போனை எடுப்பார். இந்த முறை நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். முதல்ல மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான்!

கப்பாசிட்டர் போயிருந்தது. மாத்தினேன். மொட்டை மாடி டேங்கில் தண்ணி விழுற சத்தம் கேட்டுச்சு பாருங்க...

அட்லாண்டிக்கைத் தாண்டிய மாதிரியே இருந்தது, பாஸ்!