டயர் சென்சாரை எப்போது மாற்றலாம்?

தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடும் பழைய காரில் டயர் விளக்கு எரிகிறது. காற்று அடித்தும் அணையவில்லை. பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு உண்மையிலேயே காற்று இறங்கினாலும் தெரியாது. காற்று குறைந்த டயர் சுமையோடு வேகமாக ஓடினால் சூடேறி வெடிக்கும்.

விளக்கு தொடர்ந்து எரிந்தால் காற்றுக் குறைவு. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரிந்தால் பெரும்பாலும் சென்சார் பழுது.

ரிம்முக்குள் வால்வோடு இருக்கும் சென்சாரின் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டு தாங்கும். மூடி ஒட்டியிருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற வழியில்லை. நான்கும் ஒரே வயது என்பதால், ஒன்று ஓய்ந்தால் மற்றவையும் பின்னாலேயே வரும்.

டயரைக் கழற்றினால்தான் சென்சாரைத் தொட முடியும். ஆகவே 8 ஆண்டு கடந்திருந்தால், புது டயர் போடும்போதே நான்கையும் மாற்றுங்கள். இரட்டைக் கூலி மிச்சம். புதிதாக இருந்தால் வால்வு வாஷரை மாற்றினால் போதும்.

டயர் இன்னும் நன்றாக இருக்கும்போது ஒரு சென்சார் போனால்? கையடக்க கேஜ் ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை, வண்டி ஓடுமுன் காலையில் அளந்தபடி சமாளிக்கலாம். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும்.

சில கார்களில் ரிம்முக்குள் சென்சாரே கிடையாது, ஏ.பி.எஸ். வழியாகச் சக்கரச் சுழற்சியை வைத்துக் கணக்கிடும். இல்லாத சென்சாருக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். மாற்றுமுன், புது சென்சாரை வண்டியோடு இணைக்கும் கருவி கடையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.