மஞ்சள் விளக்கு சிமிட்டினால் வண்டியை நிறுத்து!

காரில் "மிஸ்சிங்": வீட்டு வாசலிலேயே கோளாறைப் பிடித்த டாக்சி டிரைவர்
ரூ.18 ஆயிரம் செலவு தப்பியது

சென்னை,

அதிகாலை 4 மணி. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஒரு டாக்சி ஏறிக்கொண்டு இருந்தது. விமானத்தைப் பிடிக்க வேண்டிய பயணி பின் சீட்டில் உட்கார்ந்து இருந்தார்.

திடீர் என்று வண்டி குலுங்கியது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். பிக்கப் இல்லை. ஜுரம் வந்த ஆள் போல வண்டி நடுங்கியது. பின்னால் இருந்து பெட்ரோல் நாற்றம் வேறு.

டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பளிச், பளிச் என்று கண் சிமிட்டியது.

டிரைவர் பதறிப்போனார். பாலத்தை விட்டு இறங்கியதும் ஓரம் கட்டினார். பயணியை வேறு டாக்சியில் ஏற்றி அனுப்பினார். அந்தச் சவாரிக் காசு போச்சு!

அவர் வியாசர்பாடிக்காரர். கடன் வாங்கி வாங்கிய சொந்த வண்டி. 5-ந் தேதி வந்தால் தவணை கட்ட வேண்டும். வண்டி ஒரு நாள் நின்றால் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் போன் செய்தார். புதுப்பேட்டையில் பல வருஷம் கார் மெக்கானிக்காக இருந்தவர் அவர்.

"நைனா, வண்டி மிஸ் அடிக்குது. மெதுவா ஓட்டிக்கினு வந்துடவா?"

"லைட்டு நின்னு எரியுதா, சிமிட்டுதா?"

"சிமிட்டுது நைனா."

"அப்ப ஓட்டாதே. கயித்தைக் கட்டி இஸ்துக்கினு வா!"

நண்பரின் வண்டியில் கயிறு கட்டி, டாக்சி வீடு வந்து சேர்ந்தது.

ஏன் ஓட்டக் கூடாது?

"செக் என்ஜின்" எனப்படும் இந்த விளக்கு இரண்டு விதமாக எரியும்.

விடாமல் எரிந்தால், "எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது, சீக்கிரம் பார்" என்று அர்த்தம். வண்டி வழக்கம் போல ஓடினால், பதற்றம் இல்லாமல் வீடு போய்ச் சேரலாம். ஆயில் விளக்கோ, சூட்டைக் காட்டும் முள்ளோ சேர்ந்து எச்சரித்தால் மட்டும் உடனே நிறுத்த வேண்டும்.

கண் சிமிட்டினால் கதையே வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே புகைக் குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம்.

புகைக் குழாயில் "கேட்டலிடிக் கன்வர்ட்டர்" என்று ஒரு சாதனம் இருக்கிறது. நச்சுப் புகையைச் சுத்தம் செய்வது அதன் வேலை. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டை. அதன் மேல் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூச்சு. தங்கத்தோடு போட்டி போடும் விலை உலோகங்கள்!

எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிகிறது. சூடு எல்லை மீறினால் தேன்கூடு உருகிவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய சமாசாரம், பல பத்தாயிரம் ரூபாய்க்குப் போய்விடும்.

அதனால்தான் பெரியவர் "ஓட்டாதே" என்று போட்டார் ஒரு போடு.

போனில் சொன்ன கணக்கு

விடிந்ததும் டிரைவர் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டார். வண்டியைப் பார்க்காமலே கணக்கு வந்தது. "நாலு காயில், நாலு பிளக் மாத்தணும். இன்ஜெக்டர் சர்வீஸ் பண்ணணும். 18 ஆயிரம் ஆகும்."

டிரைவருக்குத் தலை சுற்றியது.

"எந்த சிலிண்டர்னே தெரியாம நாலையும் மாத்துவியா? திருடன் ஒருத்தன், தெருவையே உள்ளே தள்ளுவியா?" என்று பெரியவர் அதட்டினார். வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்தார். "ஆறட்டும். சூட்டோட கை வைக்காதே. அலுமினிய ஹெட்டுல மரை பூடும்" என்றார்.

16 துளை சாக்கெட்

ஸ்டீரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கம், 16 துளை உள்ள சாக்கெட் ஒன்று இருக்கிறது. அதில் சிறிய ஸ்கேனரைச் செருகினால், வண்டியில் உள்ள கம்ப்யூட்டர் தன் புகாரைச் செல்போனில் எழுதிக் காட்டும். இந்த ஸ்கேனர் சில நூறு ரூபாயில் இருந்தே கிடைக்கிறது.

டிரைவரின் போனில் வந்த எண்: பி-0302.

030 என்று வந்தால் மிஸ்சிங் புகார். கடைசி எண், சிலிண்டர் நம்பர். அதாவது 2-வது சிலிண்டர் வேலை செய்யவில்லை. பி-0300 என்று வந்தால், ஒன்று என்று இல்லாமல் பல சிலிண்டர்களில் கோளாறு.

கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரியும்?

நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், 1,600 தடவை பெட்ரோல் எரிகிறது. ஒவ்வொரு தடவையும் கிராங்க் ஷாப்டுக்கு ஒரு தள்ளு கிடைக்கும். ஒரு தள்ளு தவறினால் கிராங்க் இம்மியளவு வேகம் குறையும். அதைச் சென்சார் கண்டுபிடித்து, எந்த சிலிண்டர் ஏமாற்றியது என்று கணக்குப் போட்டுவிடும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1988 மாடல் கார்களில் கோளாறைக் கண்காணிக்கும் முறை கட்டாயம் ஆனது. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் இப்போதைய 16 துளை முறை கட்டாயம் ஆனது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ்-4 விதியோடு முதல் கட்டம் வந்தது. சென்னை உள்பட 13 நகரங்களில் முதலில் அமல். மிஸ்சிங்கைக் கண்காணிக்கும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில் வந்தது.

ஆனால் ஒன்று. எண் காட்டுவது குற்றம் நடந்த இடத்தை மட்டுமே. குற்றவாளியை அல்ல. காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, உள்ளே வால்வா? அதை ஆள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இடம் மாற்றி சோதனை

"மொதல்ல நம்பரை எழுதி வெச்சுக்கோ. அப்புறம் அழி" என்றார் பெரியவர்.

என்ஜின் ஆறி இருந்தது. சாவியை எடுத்துவிட்டு, 2-வது சிலிண்டரின் காயிலைக் கழற்றினார்கள். ஒரே ஒரு போல்ட். பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும். அதை 3-வது சிலிண்டரில் போட்டார்கள். 3-வதில் இருந்ததை 2-வதில் போட்டார்கள். குழம்பாமல் இருக்கச் சாக்பீஸில் நம்பர் போட்டார்கள்.

ஸ்டார்ட் செய்தார்கள். வண்டி அதே நடுக்கம். ஓரிரு நிமிடத்துக்கு மேல் பெரியவர் ஓட விடவில்லை. அதற்குள் ஸ்கேனர் புது எண்ணைக் காட்டியது.

பி-0303!

கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. ஆக, காயில்தான் குற்றவாளி. சாட்சி தேவை இல்லை.

செலவு? ஒரு பைசா கிடையாது.

காயில் மாறியும் எண் 0302 என்றே நின்றிருந்தால், அடுத்து பிளக்கை இப்படியே இடம் மாற்ற வேண்டும். அதிலும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர் மீது சந்தேகம். அதுவும் இல்லை என்றால் கம்ப்ரஷன் சோதனை. வால்வோ, ரிங்கோ, ஹெட் கேஸ்கட்டோ போயிருக்கலாம். அந்தக் கட்டத்தில் மெக்கானிக்கிடம் போவதே நல்லது.

பி-0300 வந்தால் காயிலை மாற்றி மாற்றிப் போட்டுப் பயன் இல்லை. ரப்பர் குழாய் வெடித்து எங்காவது "ஸ்ஸ்" என்று காற்று இழுக்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். மட்டமான பெட்ரோல், பெட்ரோல் பம்பு பலவீனம் ஆகியவையும் காரணம் ஆகலாம்.

பிளக் சொல்லும் ஜாதகம்

கையோடு பிளக்கையும் கழற்றிப் பார்த்தார்கள். கழற்றும் முன்பு குழியில் உள்ள தூசியை ஊதித் தள்ளினார்கள். தூசி உள்ளே விழுந்தால் ஆபத்து.

பிளக் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்து உலர்ந்து இருந்தால் பெட்ரோல் அதிகம். ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் உள்ளே ஆயில் கசிவு. பெட்ரோலில் நனைந்து இருந்தால் பொறி விழவில்லை. வெளுத்துப்போய் கொப்புளம் இருந்தால் சூடு அதிகம்.

இந்த வண்டியில் 2-வது பிளக் நனைந்து இருந்தது. மற்ற மூன்றும் பழுப்பு.

கழற்றிய காயிலின் ரப்பர் உறையில் மெல்லிய வெடிப்பு. உள்ளே ஈரம்.

"முந்தா நேத்து என்ஜினுக்கு வாட்டர் சர்வீஸ் பண்ணேன் நைனா..." என்று டிரைவர் இழுத்தார்.

"பிரஷர்ல தண்ணி அடிச்சா பிளக் குழியிலதான் போய் நிக்கும். நல்ல ரப்பர் தாங்கும். வெடிச்ச ரப்பர் தாங்குமா?" என்றார் பெரியவர்.

மழைக் காலத்தில் தண்ணீரில் ஓட்டிய வண்டிகளுக்கும் இதே கதி வரலாம்.

ஜி.பி. ரோட்டில் புதிய காயில் ஒன்று வாங்கி வந்தார் டிரைவர். விலை ரூ.2 ஆயிரத்துச் சொச்சம். மாட்டி, ஸ்டார்ட் செய்தார். நடுக்கம் நின்றது. எண்ணை அழித்ததும் விளக்கும் அணைந்தது.

விபரீதம் வேண்டாம்

அந்தக் காலத்து வழக்கம் ஒன்று உண்டு. என்ஜின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். இன்றைய கார்களில் அது கூடாது. காயிலில் வருவது 20 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல். தூக்கி எறிந்துவிடும். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள்ளும் பாயும்.

பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதலில் கையால் திருகி, மரை சரியாக உட்கார்ந்த பிறகே ஸ்பானர் போட வேண்டும்.

பழைய கார் வாங்குவோர் உஷார்!

இந்த விளக்கை வைத்து ஒரு மோசடியும் நடக்கிறது.

கோளாறு உள்ள காரை விற்கும் ஆசாமிகள், ஸ்கேனரால் எண்ணை அழித்து விடுவார்கள். அல்லது பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுவார்கள். பல கார்களில் விளக்கு அணைந்துவிடும். வாங்கியவர் சில நாள் ஓட்டியதும் மறுபடி எரியும். விற்றவர் அதற்குள் நழுவி இருப்பார். விளக்கையே பிடுங்கிவிடும் பேர்வழிகளும் உண்டு.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட வேண்டும். மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியாவிட்டால், கைவரிசை நடந்திருக்கலாம்.

இன்னொன்று. வண்டி தன்னைத் தானே பரிசோதித்து முடித்துவிட்டதா என்று ஸ்கேனர் சொல்லும். பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால், எண்ணைச் சமீபத்தில் யாரோ அழித்து இருக்கலாம். காரணம் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கக் கூடாது.

மறுநாள் 4 மணி

மறுநாள் அதிகாலை. அதே கத்திப்பாரா பாலம். அதே டாக்சி. ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறியது. இந்தத் தடவை பயணிக்கு விமானம் கிடைத்தது.

வண்டி நின்றது ஒரே நாள். தவணைக்கு வைத்திருந்த பணத்தில் 18 ஆயிரம் போகாமல் தப்பியது.

"உனக்கு எம்மாம் தரணும் நைனா?" என்று டிரைவர் கேட்டாராம்.

"டீ வாங்கிக் குடு. இனிமே என்ஜினுக்குத் தண்ணி அடிக்காதே" என்றாராம் பெரியவர்.