முதலில் காது, பிறகு நாலு கோடு நோட்டு

'தாங்' என்று ஓர் ஓசை. குரலை ஏற்றாமல் இறக்காமல் உச்சியிலேயே நீட்டிச் சொன்னால் சூப். கேள்வி கேட்பதுபோல் உயர்த்தினால் மிட்டாய். கீழே தாழ்த்திச் சொன்னால் 'படு'. மேலிருந்து வெடுக்கென்று இறக்கினால் 'சுடுது!' மாண்டரின் படிக்கத் தொடங்கும் நான்கு வயதுப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, இந்த நான்கையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். சூப் என்று கேட்டால் இரு கைகளையும் கிண்ணமாக்கி உறிஞ்ச வேண்டும். மிட்டாய் என்றால் நாக்கைச் சப்புக்கொட்ட வேண்டும். படு என்றால் பாயில் சாய வேண்டும். சுடுது என்றால் விரலை உதறி ஊத வேண்டும். முதல் சுற்றில் எல்லாரும் குழம்புவார்கள். மிட்டாய் கேட்ட இடத்தில் ஒருவன் படுத்துக்கொள்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். ஆட்டம் தொடரத் தொடர, யாரும் விளக்காமலே காது நான்கையும் பிரித்தெடுக்கத் தொடங்கிவிடும்.

மாண்டரினைக் குழந்தைக்குக் கொடுக்க இதுதான் சரியான வாசல் என்பது என் உறுதியான எண்ணம். எழுத்துப் பலகையும் கோடு போட்ட நோட்டும் பிறகு வரட்டும். அந்த மொழியில் தொனியை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 400 அசைகள்தான் இருக்கின்றன. தொனியையும் சேர்த்தால் எண்ணிக்கை 1,300 வரை போகும். பொருளின் பெரும்பாரத்தைத் தொனி சுமக்கும் மொழியில், அதைக் கடைசியில் ஒட்டவைக்கும் அலங்காரம்போலக் கற்பிப்பது பெரும் பிழை.

குழந்தைகளே நமக்கு இதைக் காட்டியிருக்கிறார்கள். சார்ல்ஸ் லி, சாண்ட்ரா தாம்ப்சன் என்ற இரு மொழியியலாளர்கள் தைவானில் மாண்டரின் பேசும் சின்னஞ்சிறு குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1977இல் எழுதினார்கள். மெய்யொலிகள் நாக்கில் சரியாக உட்காருவதற்கு முன்பே அந்தப் பிள்ளைகளுக்குத் தொனி வந்துவிட்டது. சமநிலையில் நீளும் முதல் தொனியும் சரிந்து விழும் நான்காம் தொனியும் முந்திக்கொண்டன. இரண்டாவதும் மூன்றாவதும்தான் வெகுநாள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. பிள்ளை இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் பதற ஒன்றுமில்லை.

சீன மழலையர் வகுப்புகளில் தொனிக்குப் பொம்மைக் காரை எடுப்பது வழக்கம். தரையில் சாக்பீஸால் நான்கு சாலை வரைகிறார்கள்: ஒன்று சமதளம், ஒன்று மேடு, ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறுவது, ஒன்று சரிவு. காரை உருட்டிக்கொண்டே பிள்ளை அந்த அசையைச் சொல்கிறது. மாண்டரின் உச்சரிப்பை இலத்தீன் எழுத்தில் குறிக்கும் பின்யின் முறையில், உயிரெழுத்தின் தலைமேல் போடும் தொனிக் குறிகளும் இதே வடிவம்தான். பின்னாளில் புத்தகத்தில் அந்தக் குறியைப் பார்க்கும்போது, தான் கார் ஓட்டிய சாலையைப் பிள்ளை அடையாளம் கண்டுகொள்ளும்.

இதில் மூன்றாம் தொனியை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆசிரியர்கள் பலர் அதைப் பள்ளத்தில் இறக்கி, மறுபடி உச்சிவரை இழுத்து ஏற்றுகிறார்கள். தனிச்சொல்லாகச் சொன்னால் அது சரி. பேச்சின் நடுவில் அந்தத் தொனி பெரும்பாலும் தாழ்ந்த இடத்திலேயே நின்றுவிடும். இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக மாறிவிடும். உலகமே அறிந்த 'நீ ஹாவ்' வணக்கத்தில் நடப்பது இதுதான். இந்த விதியைக் குழந்தைக்கு விளக்கவே கூடாது. முழு வாக்கியமாகக் காதில் விழுந்துகொண்டிருந்தால் அது தானே படிந்துவிடும்.

பொருளாதாரம் படித்து வங்கியில் வேலை பார்த்த ஜோ யூகுவாங் 1955இல் பெய்ஜிங்குக்கு அழைக்கப்பட்டு, பின்யினை வடிவமைத்த குழுவில் முன்னின்றார். 1958 பிப்ரவரி 11 அன்று தேசிய மக்கள் பேராயம் அதை ஏற்றது. ஜோ 111 வயதுவரை வாழ்ந்து 2017இல் மறைந்தார். சீன எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் உச்சரிப்பை உறுதியாகச் சொல்லிவிட முடியாது. தெரியாத எழுத்தின் பக்கத்தில் பின்யின் இருந்தால் பிள்ளை தானாகவே வாசித்துவிடும். சீனத் தொடக்கப் பள்ளியில் இது முதலெழுத்து 23, ஈற்றொலி 24, அப்படியே சேர்த்துப் படிக்கும் அசை 16 என்று 63 துண்டுகளாக வருகிறது. இன்னொரு பலனும் உண்டு. பெய்ஜிங்கில் பெரியவர்களிடம் சோதித்து 1986இல் வெளியான ஓர் ஆய்வில், பின்யின் அறிந்தவர்களால் ஓர் அசையின் முதல் ஒலியைக் கழற்றவும் மாற்றவும் முடிந்தது. சீன எழுத்துகளை மட்டும் கற்றவர்களுக்கு அது வெகு சிரமமாக இருந்தது. ஓசையைப் பிரித்துப் பார்க்கும் கண்ணைப் பின்யின் திறந்துவிடுகிறது.

மலேசியாவில் கணிசமான தமிழ்ப் பெற்றோர் பிள்ளைகளைச் சீனப் பள்ளியில் சேர்க்கிறார்கள். அங்கேயும் பின்யின்தான். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பின்யின் ஆங்கிலம்போலத் தோன்றினாலும், பல இடங்களில் தமிழ் நாக்குக்குத்தான் கிட்டத்தில் இருக்கிறது. ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்தால் பின்யின் குறிப்பது 'பல்', 'பால்' என்ற சொற்களின் முதலில் நாம் சொல்லும் பகரத்தை. ஆங்கிலத்தின் அதிரும் ஒலி அங்கே கிடையாது. 'கல்' என்பதன் ககரமும் அப்படியே பொருந்தும். மனிதனைக் குறிக்கும் சீனச் சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மாண்டரினில் இன்னொரு பகரம் உண்டு, அதை மூச்சை ஊதிச் சொல்ல வேண்டும். நமக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். 'பாவ்' என்று மூச்சு விடாமல் மூன்றாம் தொனியில் சொன்னால் 'வயிறு நிறைந்தது'. அதே தொனியில் மூச்சை ஊதிச் சொன்னால் 'ஓடு'. இதற்கு ஒரு மெல்லிய டிஷ்யூ தாள் போதும். அதைக் கீற்றாகக் கிழித்து, பிள்ளையின் வாய்க்கு முன்னால் தொங்கவிடுங்கள். 'ஓடு' என்னும்போது தாள் துள்ளும். 'நிறைந்தது' என்னும்போது அசையாது. பிறகு ஆட்டத்தை எழுந்து ஆடலாம்: தாள் துள்ளினால் ஓட்டம், துள்ளாவிட்டால் வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்பது. காதால் பிடிக்க முடியாததைப் பிள்ளை கண்ணால் பிடிக்கிறது. பெரியவர்கள் ஆடினாலும் பலிக்கும்.

நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகளில் மட்டும் அவசரம் வேண்டாம். ஷகரம் போன்ற அந்த வரிசை சீனக் குழந்தைகளுக்கே கடைசியில்தான் படிகிறது. ஷகரத்துக்கு ஸகரம் சொல்லும் பிள்ளையை நிறுத்தித் திருத்தினால், அது அடுத்த முறை வாயைத் திறக்கவே யோசிக்கும். சரியான வடிவத்தை நாமே பதிலில் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வது மேல்.

எழுத்துகளுக்கு வரும்போதும் கைக்கு வேலை கொடுக்கலாம். ஒரு குச்சி, ஒரு வட்ட வயிறு: இவ்வளவையும் புரட்டியும் திருப்பியும் வைத்தால் நான்கு இலத்தீன் எழுத்துகள் கிடைக்கின்றன. குழந்தைகளைக் கண்ணீர்விட வைக்கும் நால்வர் அவர்கள். விளையாட்டு மாவில் ஒரு குச்சியும் ஓர் உருண்டையும் பிடித்து, தாங்களே திருப்பிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் சீக்கிரம் தெளியும். எனக்கு மிகப் பிடித்தது தொப்பி ஆட்டம். பின்யினில் தலைமேல் இரட்டைப் புள்ளி வைத்த ஓர் உயிரெழுத்து உண்டு, உதட்டைக் குவித்தபடி 'ஈ' சொன்னால் வரும் ஒலி. அது ஜே, க்யூ, எக்ஸ் எழுத்துகளுக்குப் பின்னால் வந்தால் புள்ளிகளை எழுதுவதில்லை. சீன ஆசிரியர்கள் அந்தப் புள்ளிகளைத் தொப்பி ஆக்கிவிட்டார்கள். மூன்று பெரியவர்கள் அட்டைகளை ஏந்தி நிற்க, ஒரு பிள்ளை தொப்பியோடு வந்து, கழற்றிக் குனிந்து வணக்கம் சொல்கிறது. பல ஆண்டு திருத்தினாலும் சில பெரியவர்களுக்கு நிற்காத விதி, அந்தப் பிள்ளைக்கு மறப்பதில்லை.

இவ்வளவும் விளையாட்டாக இருக்கும்வரைதான். சீனாவில் மழலையர் வகுப்பு தொடக்கப் பள்ளியின் ஒத்திகைக்கூடமாக மாறியதைக் கண்டு, 2018 ஜூலையில் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் அங்கே பின்யினையும் எழுத்தையும் கணக்கையும் பாடமாக நடத்தக் கூடாது என்று அறிவித்தது. 2025 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த பாலர் கல்விச் சட்டமும் தொடக்கப் பள்ளிப் பாடங்களை அங்கே நடத்துவதைத் தடுக்கிறது. 2017 இலையுதிர் காலத்தில் வந்த முதல் வகுப்புப் பாடநூல் பின்யினைப் பின்னுக்குத் தள்ளி, வானம், பூமி, மனிதன், நீ, நான், அவன் என்ற எழுத்துகளோடு தொடங்கியது. தைவானில் இலத்தீனுக்குப் பதிலாகப் 'போபோமோஃபோ' எனப்படும் 37 குறிகளை வைத்திருக்கிறார்கள். முதல் வகுப்பின் முதல் 10 வாரங்களை அதற்கென்றே ஒதுக்குகிறார்கள். அதாவது பள்ளியே சொல்லித்தரும், முன்கூட்டித் திணிக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை டியூஷனில் எல்லாம் முடித்துவிட்டு வருகிறதே என்ற பெற்றோரின் பயம் அறிவிப்பால் போய்விடாது. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்காக ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் நாலு கோடு நோட்டைக் கொடுத்து ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுத வைப்பதை ஏற்கவும் முடியவில்லை. அந்த விரல்கள் இன்னும் பென்சிலுக்கே பழகவில்லை.

வீட்டில் யாருக்கும் மாண்டரின் தெரியாது, கைபேசியில் காணொளி போட்டுக்கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா கூல் செய்த சோதனையை அறிந்துகொள்ள வேண்டும். முடிவு 2003இல் வெளியானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுபவர்கள் 12 அமர்வுகள் நேரில் பொம்மை வைத்து விளையாடினார்கள், புத்தகம் வாசித்தார்கள். அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு மாண்டரின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்களின் காணொளியைப் பார்த்த குழந்தைகளும், ஒலிப்பதிவு மட்டும் கேட்ட குழந்தைகளும் எதையும் பிடிக்கவில்லை. அவை கைக்குழந்தைகள், நாம் பேசுவது நான்கு வயதுப் பிள்ளைகளைப் பற்றி. இருந்தாலும் நேரில் ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு இது கனமான சான்று. ஆகவே மாண்டரின் பேசும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மாலையில் விளையாட விடுங்கள். காணொளி போட்டே ஆக வேண்டுமென்றால் நீங்களும் கூட உட்கார்ந்து உரக்கச் சொல்லுங்கள். உங்கள் 'தாங்' தப்பாக இருந்தால் பிள்ளை திருத்தட்டும். திருத்துவதற்காக அது பத்து முறை சரியாகச் சொல்லிக்காட்டும்.