தன் வரியைத் தானே வசூலிக்கும் பாஸ்க் நாடு

ஸ்பெயினின் பில்பாவோ நகரில், நெர்வியோன் ஆற்றங்கரையில், டைட்டானியத் தகடுகள் போர்த்திய கட்டடம் ஒன்று மீன்செதில்போல் மின்னுகிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்து, 1997இல் திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகம் அது. கப்பல் தளங்களும் இரும்பாலைகளும் மூடப்பட்டு, வேலையின்றிப் பலர் தவித்த நகரில் கலைக்கூடத்துக்கு இவ்வளவு பணமா என்ற எதிர்ப்பு அன்று வலுவாகவே எழுந்தது. அக்கட்டடச் செலவைப் பாஸ்க் அரசும் பிஸ்காயா மாகாண அவையும் ஏற்றன. அவற்றால் எவ்வாறு இயன்றது?

பிரனீஸ் மலைத்தொடரின் மேற்குக் கோடியில், பிஸ்கே விரிகுடாவை ஒட்டி, ஸ்பெயின், பிரான்ஸ் ஆகிய இரு நாடுகளிலும் பரவியுள்ளது பாஸ்க் மக்களின் தாயகம். உலகின் வேறெம்மொழியோடும் உறவு நிறுவப்படாத மொழி அவர்களுடையது. ஸ்பெயினில் உள்ள அராபா, பிஸ்காயா, கிபுஸ்கோவா ஆகிய மூன்று மாகாணங்கள் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி தன்னாட்சி பெற்றன. ஏறத்தாழ 22 லட்சம் மக்கள் வாழும் இப்பகுதியின் சட்டமன்றம் விட்டோரியா நகரில் கூடுகிறது.

நம்மைப் பெரிதும் ஈர்ப்பது இவர்களின் வரி ஏற்பாடே. நம் நாட்டில் வருமான வரியை மத்திய அரசு வசூலித்து, மாநிலங்களுக்குப் பங்கிடுகிறது. அங்கோ நேர்மாறு. வருமான வரியையும் நிறுவன வரியையும் மாகாணங்களே வசூலிக்கின்றன. படைத்துறை, வெளியுறவு போன்ற பொதுப்பணிகளுக்காக மாட்ரிட் அரசுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்தப்படுகிறது. 1878இல் தொடங்கிய இவ்வேற்பாட்டை, உள்நாட்டுப் போரில் தம்மை எதிர்த்ததற்காகப் பிஸ்காயா, கிபுஸ்கோவா மாகாணங்களிடமிருந்து 1937இல் பிராங்கோ பறித்தார். 1981இல்தான் அது மீண்டது. செலுத்தும் தொகை குறைவு என்பது பிற பகுதிகளின் நெடுநாளைய குறை. அதைப் புறந்தள்ளிவிட முடியாது. ஆனால் தம் வசூல் குறைந்தது என்பதற்காகப் பாஸ்க் மாகாணங்கள் அத்தொகையைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது. வரவு மிகுந்தாலும் குறைந்தாலும் விளைவு அவர்களையே சேரும்.

அதே 1937ஆம் ஆண்டு, ஏப்ரல் 26ஆம் நாள், குவெர்னிகா நகரம் விமானக் குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று. பிக்காசோவின் புகழ்பெற்ற ஓவியம் மாட்ரிட்டில் இருக்கிறது; குவெர்னிகாவில் நாம் காண்பது ஓடுகளில் பதித்த அதன் நகலையே. எனினும் அங்கே ஓர் ஓக் மரம் உண்டு. பிஸ்காயாவின் உரிமைகளைக் காப்பதாக மன்னர்கள் அம்மரத்தடியில் சூளுரைப்பது பழைய வழக்கம். குண்டுவீச்சிலும் தப்பிய அம்மரம் பிற்காலத்தில் பட்டுப்போகவே, அதன் வழிவந்த கன்றை அங்கேயே நட்டனர். இன்றும் பாஸ்க் அரசின் தலைவர் உறுதிமொழி ஏற்பது குவெர்னிகாவில்தான். தனிநாடு கோரி ஆயுதமேந்திய எட்டா இயக்கம் 2018இல் தன்னைக் கலைத்துக்கொண்டது.

சான் செபஸ்தியானின் பிறை வடிவக் கடற்கரையில் ஒரு மாலையேனும் கழிக்கலாம். அந்நகர உணவகங்களில் ரொட்டித் துண்டின்மேல் அடுக்கித் தரும் சிற்றுண்டிகள் பெயர்பெற்றவை. பெரும்பாலானவற்றில் மீனோ இறைச்சியோ இருக்கும் என்பதால், சைவ உணவினர் கேட்டபின் எடுப்பது நன்று. பில்பாவோ அருகே, 1893 முதல் மக்களையும் வண்டிகளையும் தொங்கும் தொட்டியில் ஆற்றைக் கடத்தும் பிஸ்காயா பாலத்தைத் தவறவிட வேண்டாம். செங்கன் விசாவும் யூரோ பணமும் போதும். மலைகள் பசுமையாக இருப்பது மழையால். கோடையிலும் குடை வேண்டும்.