உஷார்! கிட்டார் இரைகிறதென்று எர்த் பின்னை வெட்டாதீர்கள்

அந்தத் தம்பி கட்டிங் பிளேயரை பிளக்கில் வைத்து அழுத்தப் போன நேரத்தில்தான் நான் ஒத்திகை மண்டபத்துக்குள் நுழைந்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவுக்குப் புதிதாக வந்த பையன். தோளில் எலெக்ட்ரிக் கிட்டார், காலடியில் ஆம்ப், ஆம்புக்குள்ளிருந்து நிற்காமல் ‘ஊம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். பிளக்கில் மற்ற இரண்டையும்விட நீளமாக, தடியாக ஒரு பின் இருக்கிறதே, அந்த எர்த் பின்னைத்தான் வெட்டப் போனான்.

“போன கச்சேரியில இப்படித்தாண்ணே பண்ணாங்க. பட்டுனு நின்னுடுச்சு.”

அவன் சொன்னது பொய்யில்லை. சில மேடைகளில் எர்த்தைத் துண்டித்ததும் இரைச்சல் நிஜமாகவே நின்றுவிடும். என் பயமே அதுதான். பலிக்கிற வித்தை என்பதால் வாய்க்கு வாய் பரவிக்கொண்டிருக்கிறது. கிட்டார் வாசிப்பவர்களே, வாசிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களே, கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பின்மேல் கை வைக்காதீர்கள்.

கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய வயர் உள்ளே ஜாக்குக்குப் போகிறது. ஜாக்கிலிருந்து கேபிளின் வலைப்பின்னல் வழியாக ஆம்பின் இரும்புச் சட்டத்துக்கு. சட்டத்திலிருந்து எர்த் பின் வழியாக மண்ணுக்கு. அதாவது, கம்பியில் விரல் வைக்கிறவர் ஆம்பின் சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கிறார். ஆம்புக்குள் ஏதோ ஒரு வயரின் தோல் உரிந்து 230 வோல்ட் சட்டத்தில் பட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்த நொடியே பியூஸ் போகும், அல்லது எம்சிபி விழும். எர்த் இல்லையென்றால் வெளியே எதுவுமே தெரியாது. ஆம்ப் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். நீங்கள் பாடுவதற்காக மைக்கிடம் குனிவீர்கள். மைக்கின் வலைக்கு மிக்ஸர் வழியாக எர்த் இருக்கும். விரல் கம்பியில், உதடு மைக்கில், நடுவில் உங்கள் நெஞ்சு.

இப்படி உயிர் போயிருக்கிறது. 1972 மே 3 அன்று பிரிட்டனின் ஸ்வான்சி நகரத்து மேடையில், ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். கையில் கிட்டார். அவருக்கு வயது 27. யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் தன் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத கிட்டாரை வாசித்தபோது இறந்தார். ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் 1965 டிசம்பரில் சாக்ரமென்டோ மேடையில் கிட்டார் மைக்கில் பட்டு மயங்கி விழுந்தார், பிழைத்துக்கொண்டார். பெரிய குழுக்கள், பெரிய மேடைகள். நம் ஊர்த் திருவிழாப் பந்தலில் ஜெனரேட்டருக்கு எர்த் அடித்திருக்கிறார்களா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

சரி, இரைச்சலை என்னதான் செய்வது? முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆம்பிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு ஆம்பில், அல்லது அதற்கு வரும் கரன்ட்டில். நின்றுவிட்டால் கேபிளைத் திரும்பச் செருகி, கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். இன்னும் இரைந்தால் கேபிளையும் ஜாக்கையும் சந்தேகப்படுங்கள். வேறு கேபிள் மாட்டிப் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். குமிழைத் திருகும்போது மட்டும் ‘கரகர’ என்றால் உள்ளே தூசு. கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும்.

கம்பியில் கை வைத்தால் இரைச்சல் குறைகிறது, எடுத்தால் கூடுகிறது என்று பதறி வருகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் கோளாறே இல்லை. சுற்றிலும் இருக்கும் மின் இரைச்சலை உங்கள் உடம்பு ஆன்டெனா மாதிரி வாங்கி பிக்கப்புக்குக் கொடுக்கிறது. கம்பியைத் தொட்டதும் உடம்புக்கும் எர்த் கிடைத்து அடங்குகிறது. இதுவே தலைகீழாக, தொட்டால் கூடினால் ஜாக்கில் இரண்டு வயரும் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கலாம். கம்பியைத் தொட்டால் ஒன்றுமில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறதென்றால் பிரிட்ஜுக்குப் போகும் வயர் விட்டுப்போயிருக்கும். சால்டரிங் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை.

ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டார் கொஞ்சம் இரையத்தான் செய்யும். நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் அடங்கும். இந்தத் தொல்லைக்காகத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருளில் ஹம்பக்கரை உருவாக்கினார். டிம்மர் போட்ட விளக்கு, மட்டமான மொபைல் சார்ஜர், இவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

எர்த்தை வெட்டினால் நிற்கிற இரைச்சல் வேறு வகை. ஆம்ப் மேடையில் ஒரு பிளக் பாயின்டில், மிக்ஸர் மண்டபத்தின் கடைசியில் இன்னொன்றில், நடுவே ஆடியோ கேபிள். எர்த்துக்கு இரண்டு வழி கிடைத்து ஒரு வளையம் உண்டாகிவிடும். அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் சுற்றிச் சுற்றி வரும். இதற்கு மருந்து, எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரன்ட் எடுப்பது. முடியாவிட்டால் ஆம்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே, ஆடியோ கேபிளில் டிஐ பாக்ஸ் வையுங்கள். அதில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்ச் இருக்கும். அது ஆடியோ கேபிளின் இணைப்பை மட்டும்தான் பிரிக்கும். பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் ஆபத்து.

வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்களே, ‘சும்மா திறந்து பார்க்கலாம்’ என்று ஸ்க்ரூவைக் கழற்றாதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல்கூட தேங்கி நிற்கலாம். பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒத்திகை அறையில், மண்ணுக்குக் கரன்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி ஒன்று போட்டுவிடுங்கள். ஆளைக் கொல்லும் அளவு கரன்ட்டுக்கு எம்சிபி விழவே விழாது. அது வயரைக் காப்பாற்றுகிற சாதனம்.

அன்றைக்கு அந்தத் தம்பியை கிட்டாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைக்கச் சொன்னேன். என் பையில் எப்போதும் மல்டிமீட்டர் இருக்கும். ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் இன்னொன்றை மைக்கின் வலையிலும் வைத்தேன். 112 என்று காட்டியது. “லேசா சுறுசுறுன்னு இருந்துச்சுண்ணே. புது கம்பின்னு நெனச்சேன்” என்றான்.

மண்டப எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துவிட்டு பிளக் பாயின்டைத் திறந்தார். மேலே மூன்று துளை. உள்ளே சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. எர்த்துக்கான பச்சை வயரே இல்லை. மேடையிலிருந்த மற்ற நான்கு பாயின்டையும் திறந்தார். எதிலுமே இல்லை.